பெரிய வெள்ளிக்கு ஒரு டாக்கிங் ஸ்டேஷன்

அடையாறு
8 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று வருடமாக நாம் பேசிக்கொள்வதில்லை என்பதால் போன் செய்யவில்லை. எழுத்தில் வந்தால்தான் உங்களுக்குக் கணக்கு என்பதால் எழுதுகிறேன். காலையில் உங்கள் வீட்டிலும் மத்தியானம் என் வீட்டிலும் சமைக்கிற வேலம்மாவிடமே கொடுத்தனுப்புகிறேன். “இன்னாம்மா, ரெண்டு பேர் கையிலயும் போன் கீது, நான் இன்னா தபால்காரியா?” என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். பெரிய வெள்ளியன்று நம் பாடகர் குழு பாடும் சிலுவைப் புலம்பலைப் போன இரண்டு வருடமும் மூன்று குரலில்தான் பாடினோம். ஆண்களின் மேல்குரலான டெனர் இல்லை. கனகராஜ் சார் இறந்துவிட்டார். ஜாஸ்பர் மெல்போர்னில். நீங்கள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். இசைக்குறிப்பு எழுதிவைக்கிற வழக்கம் நம் பங்கில் என்றைக்கும் இருந்ததில்லை. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக் கேட்டுத்தான் எல்லாரும் படித்தோம். இப்போது புதிதாக டெனர் கற்கிற ஷெல்டனுக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை.

புதிதாக வந்திருக்கும் ஃபாதர் நேற்று சொல்லிவிட்டார்: “குருத்து ஞாயிறுக்கு முன்னால நாலு குரலும் சரியா வரலைன்னா, இந்த வருஷம் அந்தப் பாட்டு வேணாம் டீச்சர். கீபோர்டு டிராக் போட்டு எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு பாடிடலாம்.” டிராக்காம். பெரிய வெள்ளியன்று, பென் டிரைவிலிருந்து. ஒரு வருடம் விட்டால் அந்தப் பாட்டு அவ்வளவுதான் என்று உங்களுக்கே தெரியும்.

குழுவின் பழைய கம்ப்யூட்டர் செத்தபோது அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்துப் போனவர் நீங்கள், செயலாளர் என்ற முறையில். பழைய ஒலிப்பதிவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அதைக் கொடுத்தனுப்புங்கள். கேட்டு டெனர் வரியை எடுத்துச் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

சோஃபியா


மயிலாப்பூர்
10 மார்ச் 2025

அன்புள்ள சோஃபியாவுக்கு,

தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. முதலில் ஒரு திருத்தம்: கணினி சாகவில்லை. அதன் மின்வழங்கி பழுதாயிற்று. டிஸ்க் நல்ல நிலையில், உரிய உறையில், ஈரம் படாமல் என் அலமாரியில் உள்ளது.

அதை வேலம்மாவின் காய்கறிப் பையில் போட்டு அனுப்ப இயலாது. அது கணினிக்குள்ளிருந்து கழற்றிய டிஸ்க்; இன்னொரு கணினியோடு நேரடியாகச் சேராது. டாக்கிங் ஸ்டேஷன் என்ற கருவியில் அதை நிமிர்த்திச் செருகிப் படிக்க வேண்டும். அக்கருவிக்குச் சுவரிலிருந்து தனி மின்சாரம் வர வேண்டும். டிஸ்க் ஆடாமல் நிற்கும் அளவுக்குக் குழி ஆழமாக இருக்க வேண்டும். வேலை நடந்துகொண்டிருக்கும்போது தானாக உறங்கிவிடக் கூடாது. பழுதானால் இந்த ஊரிலேயே மாற்றித் தருபவர் இருக்க வேண்டும். இவற்றை நிறைவுசெய்யும் கருவி வந்தால், என் முன்னிலையில் டிஸ்க் படிக்கப்படும். பிரதி உனக்கு வரும். கிண்டியில் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தரச்சோதனை பார்ப்பவன், சோதிக்காத கருவியில் ஒரே பிரதியைச் செருக மாட்டான்.

இன்னொன்று. 2022ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி வழிபாட்டின் பதிவும் அந்த டிஸ்கில்தான் உள்ளது. இரண்டாம் சரணத்தில் நான் முந்தினேனா இல்லையா என்பது அதில் தெரியவரும். ஆகையால் அந்தப் பதிவு கெடாமல் இருப்பதில் எனக்கும் அக்கறை உண்டு.

ராஜினாமா செய்தவன் குழுவின் பயிற்சியில் தலையிடுவது முறையன்று. எனவே நானே பாடிக் காட்டுவது என்ற பேச்சுக்கு இடமில்லை. நீ அதைக் கேட்கவுமில்லை என்பதைக் கவனித்தேன்.

ஆம்ப்ரோஸ்


அடையாறு
15 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

இதோ கருவி. ரிச்சி தெருவுக்கே போய் வாங்கி வந்தேன், பப்ளிக் பரீட்சைக் கண்காணிப்பு முடிந்த கையோடு, அந்த வெயிலில். கடைக்காரரிடம் நீங்கள் எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். “மேடம், இன்னா டிஸ்க்கா இருந்தாலும் ஓடும். கண்ண மூடிகினு எடுத்துனு போங்க” என்றார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜாஸ்பருக்கும் போன் போட்டேன், டெனர் வரியைப் பாடி அனுப்பு என்று. “நான் எப்பவும் ஆம்ப்ரோஸ் அண்ணன் பக்கத்துல நின்னு அவர் பாடறதத்தான் பாடினேன் சோஃபிக்கா, தனியா பாடச் சொன்னா எனக்கு மூச்சுதான் வரும்” என்கிறான். ஆக, அந்த டிஸ்க் ஒன்றுதான் வழி. சீக்கிரம் செய்யுங்கள்.

சோஃபியா


மயிலாப்பூர்
17 மார்ச் 2025

சோஃபியாவுக்கு,

கருவியைத் திருப்பி அனுப்புகிறேன். இது டாக்கிங் ஸ்டேஷன் அன்று. ஒரு முனையில் டிஸ்கை மாட்டும் வெறும் ஒயர். சுவர் மின்சாரம் இதற்கு இல்லை. லேப்டாப்பில் இருக்கும் சிறு டிஸ்கை மட்டுமே இது ஓட்டும். நம்முடையது மேசைக் கணினியின் பெரிய டிஸ்க். அதற்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். இந்த ஒயரில் வருவது ஐந்து. பெட்டியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்னவரின் பேச்சை நீ எழுத்துக்கு எழுத்து பின்பற்றியிருக்கிறாய்.

டிஸ்கை இதில் மாட்டிப் பார்க்கவில்லை. மாட்டியிருந்தால் அது சுழல முயன்று முயன்று ‘டிக், டிக்’ என்று அடித்துக்கொண்டே இருந்திருக்கும். அந்த ஓசையைக் கேட்க எனக்கு மனமில்லை.

ஆம்ப்ரோஸ்


அடையாறு
22 மார்ச் 2025

அண்ணா,

இம்முறை ஆன்லைனில் வாங்கினேன். சுவர் மின்சாரம் உண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு குழி. ஒன்று கேட்டீர்கள், இரண்டு தருகிறேன். மேலே ஒரு பொத்தான் வேறு இருக்கிறது. அதை அழுத்தினால் கம்ப்யூட்டரே இல்லாமல் ஒரு டிஸ்கை இன்னொன்றுக்கு அப்படியே நகல் எடுத்துவிடுமாம். உங்கள் பிரதி ஆசைக்கென்றே செய்தது போல இருக்கிறது.

வேலம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இன்னாம்மா இது, ரொட்டி சுடுற மிசினா? ரெண்டு துண்டு போடலாம் போல கீது. சாருக்குக் காலைல தோசதானே புடிக்கும்?” என்றாள். உங்கள் பதில் கடிதத்தை விட அவளுடைய ஆராய்ச்சி எனக்கு மேலாகத் தெரிகிறது.

நேற்றுப் பயிற்சியில் ஷெல்டன் இரண்டாம் சரணத்தை ஊகித்துப் பாடினான். ஆல்டோ பாடும் பெண்கள் வரிசை சிரித்துவிட்டது. அவன் அடுத்த வாரம் வருவானா என்பதே சந்தேகம். எனக்குக் கருவி பிடித்திருக்கிறது. உங்களுக்கும் பிடித்தே ஆக வேண்டும்.

சோஃபியா


மயிலாப்பூர்
24 மார்ச் 2025

சோஃபியாவுக்கு,

பிடிக்கவில்லை.

அலுவலகத்திலிருந்து ஒரு வெற்று டிஸ்கைக் கொண்டுவந்து இக்கருவியைச் சோதித்தேன். டிஸ்க் குழியில் நிற்கிறது, ஆனால் உன் அண்ணி ஃப்ளோரா மேசையைத் துடைக்க வந்தபோது அது ஆடியது. சுழலும் டிஸ்க் ஆடலாகாது. ஒரு கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கையில் கருவி உறங்கிப்போயிற்று. கணினித் திரையிலிருந்து டிஸ்கே மறைந்தது. ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகியபின் எழுந்தது. பரீட்சை அறையில் உறங்கும் கண்காணிப்பாளரை உன் பள்ளியில் வைத்துக்கொள்வார்களா?

ஆனால் நான் இதை நிராகரிப்பது அதற்காக மட்டுமன்று. நீ புகழும் அந்தப் பொத்தானுக்காக. முதல் குழியில் உள்ளதை இரண்டாம் குழியில் உள்ளதன்மேல் அது எழுதும். எதில் பாட்டு இருக்கிறது, எது வெறுமை என்று அதற்குத் தெரியாது; கேட்கவும் கேட்காது. டிஸ்குகளை மாற்றிச் செருகிவிட்டுப் பொத்தானைத் தொட்டால், வெறுமையை எடுத்து நம் பாட்டின்மேல் அழகாகப் பிரதி செய்து பச்சை விளக்கையும் எரியவிடும். அப்படிப்பட்ட பொத்தான் உள்ள ஒரு பொருளை உனக்கு எட்டும் தூரத்தில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கருவியை இனி நானே தேர்ந்தெடுக்கிறேன். வாங்கியவர்கள் எழுதிய குறைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வாரம் தேவைப்படலாம்.

ஆம்ப்ரோஸ்


அடையாறு
26 மார்ச் 2025

அண்ணா,

இரண்டு வாரமா? குருத்து ஞாயிறு ஏப்ரல் பதின்மூன்று. அதற்கு முந்தின சனிக்கிழமை ஃபாதர் நாம் பாடும் கோயில் மாடிக்கு வந்து பாட்டைக் கேட்கிறார். இரண்டு வாரம் கழித்து டிஸ்க் வந்து, நான் கேட்டு, ஷெல்டனுக்கு எப்போது சொல்லிக்கொடுப்பது? சிலுவைப் பாதையில் நடந்துகொண்டேயா?

உண்மையைச் சொல்கிறேன். உங்களுக்கு டெனர் வரியைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. உங்களுக்கு வேண்டியது தீர்ப்பு. 2022இல் நீங்கள் முந்தவில்லை என்று அந்த டிஸ்க் வந்து சாட்சி சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தப் பன்னிரண்டு வோல்ட் பாதுகாப்பு எல்லாம்.

என்ன நடந்தது என்று எனக்கு மறக்கவில்லை. பெரிய வெள்ளியன்று மணி அடிப்பதில்லை. மணிக்குப் பதிலாகக் கீழே மரப்பலகையைத் தட்டுவார்கள். தட்டியதும் டெனர் தனியாக இரண்டாம் சரணத்தை ஆரம்பிக்கும், அது வழக்கம், சரி. அந்த வருடம் பலகை தட்டும் அய்யாதுரை, சிலுவை பீடத்தை அடையும் முன்பே கைதவறித் தட்டிவிட்டார். நான் கையை உயர்த்தவே இல்லை. நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள். கீழே சனங்கள் எல்லாம் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார்கள். வழிபாடு முடிந்ததும், “அண்ணா, என் கையப் பாத்து ஆரம்பிங்க, சட்டத்தப் பாத்து ஆரம்பிக்காதீங்க” என்று சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன்தான். அதற்கு மறுநாள் இரண்டு பக்க ராஜினாமா, நகல் பங்குப் பேரவைக்கு.

எந்த டாக் வேண்டுமானாலும் வாங்குங்கள். ஆனால் வாங்குங்கள்.

சோஃபியா


மயிலாப்பூர்
1 ஏப்ரல் 2025

சோஃபியாவுக்கு,

வாங்கிவிட்டேன்.

தி. நகரில் ஒரு கடை. உரிமையாளர் அப்துல் சமத் என்பவர். பெட்டியைத் திறந்து, மின்சாரம் கொடுத்து, நான் கொண்டுபோன வெற்று டிஸ்கைச் செருகி ஓட்டிக் காட்டும்படி கேட்டேன். “சார், நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, பொட்டி வாங்க வந்தீங்களா?” என்றார். பெட்டிதான் என்றேன். ஓட்டிக் காட்டினார். டிஸ்க் சுழல்கையில் கருவியின்மேல் விரல் வைத்துப் பார்த்தேன், அசைவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து என்னை உட்காரவைத்தார். தேநீர் குடித்து முடித்து, வேறு இரண்டு வாடிக்கையாளர் வந்துபோய், அதன் பிறகும் கருவி விழித்திருந்தது.

ஒரே குழி. நகல் பொத்தான் இல்லை. பின்புறம் தனி சுவிட்ச் உண்டு; டிஸ்க் நின்றபிறகுதான் எடுக்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை அது கற்பிக்கிறது. விளக்கு மட்டும் தேவைக்கு மேல் நீலமாக இருக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

அய்யாதுரை எப்போது தட்டினார் என்பது என் பொறுப்பன்று. பலகை தட்டியதும் டெனர் தொடங்க வேண்டும் என்பது விதி. பலகை தட்டிற்று. நான் தொடங்கினேன். நான் முந்தவில்லை, நீங்கள் எல்லாரும் பிந்தினீர்கள். பதிவில் இது தெரியவந்தால் நீ எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த உறுதி வந்தபிறகே டிஸ்கைச் செருகுவேன்.

ஆம்ப்ரோஸ்


அடையாறு
2 ஏப்ரல் 2025

அண்ணா,

ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டாயிற்று. வேலம்மாவைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். “ரேசன் கார்டு மேட்டரா?” என்று கேட்டாள். இல்லை என்றதும் போட மாட்டேன் என்றுவிட்டாள்.

செருகுங்கள்.

சோஃபியா


மயிலாப்பூர்
5 ஏப்ரல் 2025

சோஃபியாவுக்கு,

டிஸ்க் படிக்கப்பட்டது. கருவி ஒருமுறைகூட உறங்கவில்லை. அனைத்துக் கோப்புகளையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கோப்பும் கெடவில்லை. இத்துடன் உள்ள பென் டிரைவில் நான்கு ஆண்டுகளின் பெரிய வெள்ளிப் பதிவுகளும் உள்ளன. கருவியைப் பொறுத்தவரை இதைவிடத் திருப்தியான ஒன்றை நான் கண்டதில்லை.

டெனர் கேட்கவில்லை.

நான்கு பதிவுகளையும் ஹெட்போனில் கேட்டேன். சோப்ரானோ மிகத் தெளிவு. ஆல்டோவில் ஈவ்லின் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் எங்கோ கதவுக்கு வெளியே நடப்பதுபோல் இருக்கிறது. டெனர் இருக்க வேண்டிய இடத்தில் மின்விசிறியின் ஓசை இருக்கிறது. 2022 பதிவின் இரண்டாம் சரணத்தில் மரப்பலகை தட்டும் ஓசை உள்ளது. அதன்பின் நான் பாடியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். கருவிக்குத் தெரியவில்லை.

காரணத்தையும் கண்டேன். மாடியில் பெண்கள் இடப்புறமும் ஆண்கள் வலப்புறமும் நிற்பது நம் வழக்கம். ஒலிவாங்கி பெண்கள் பக்கம் இருந்திருக்கிறது.

ஆகவே நீ கொடுத்த உறுதி காலாவதியாகிறது. தாளைத் திருப்பி அனுப்பியுள்ளேன். பதிவில் வேறொன்றும் கேட்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத இயலவில்லை.

ஆம்ப்ரோஸ்


அடையாறு
7 ஏப்ரல் 2025

அண்ணா,

‘ஒலிவாங்கி பெண்கள் பக்கம் இருந்திருக்கிறது.’ யாரோ வைத்த மாதிரி எழுதுகிறீர்கள்! மாடிச் சுவரில் இன்றைக்கும் அந்த அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, நேற்றுப் போய்ப் பார்த்தேன்: ‘ஆண் குரல்கள் மேலோங்குவதால் ஒலிவாங்கி பெண்கள் பகுதியில் மட்டுமே வைக்கப்படும். இடம் மாற்றலாகாது. செயலாளர்.’ கீழே உங்கள் கையெழுத்து. முத்திரை வேறு.

ஒரு மாதம் போயிற்று. மூன்று டாக் பார்த்தோம். ரிச்சி தெரு போனேன், நீங்கள் தி. நகரில் தேநீர் குடித்தீர்கள், கடைசியில் இந்தியாவிலேயே மிக நம்பகமான கருவி வந்து உங்கள் மின்விசிறியை எனக்குப் பிசகில்லாமல் கொடுத்திருக்கிறது. பென் டிரைவைக் கேட்டுக்கொண்டே இன்று பத்தாம் வகுப்பு மாதிரித் தாள்களைத் திருத்தினேன். யார் யாருக்கு என்ன போட்டேன் என்று தெரியவில்லை. முழுவதும் கேட்கவும் இல்லை. முதல் சரணத்தில் டெனர் இல்லை என்றதும் நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை மாலை ஃபாதர் வருகிறார். ஷெல்டன் நேற்று வரவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன், கோபமாக இருக்கும்போதே. மத்தியானம் வேலம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஏதோ முனகினாள். நின்றுவிட்டேன். அரைகுறையாக, சொல் எதுவும் இல்லாமல், ஆனால் அதுதான், இரண்டாம் சரணத்தின் டெனர். எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். “உங்க அண்ணன் தெனிக்கும் ஷேவ் பண்ணிகினு இதத்தான்மா இழுக்கிறாரு. மூணு வருசமா கேட்டுகினு கீறேன். எனக்கே வந்துருச்சு. ஏன், எதனா தப்பா?” என்றாள்.

உங்களைக் கேட்டால் ஏழு நிபந்தனை வரும் என்று பயந்து ஹார்ட் டிஸ்கைக் கேட்டேன். ஹார்ட் டிஸ்குக்கும் ஏழு நிபந்தனை வந்தது. இப்போது உங்களையே கேட்கிறேன். போனில் பாடி அனுப்ப வேண்டாம். அப்படி யாருக்கும் அது வராது. ஷெல்டனுக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.

நீங்கள் முந்தவில்லை என்று எழுதிக் கொடு என்று மட்டும் கேட்காதீர்கள். மரப்பலகை தப்பு, நீங்கள் சரி, நானும் சரி. அதற்கு மேல் என்னால் முடியாது.

சோஃபி


மயிலாப்பூர்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள சோஃபிக்கு,

தோத்திரம். ஒலிவாங்கி அறிவிப்பைக் கிழித்துவிடலாம். முத்திரையோடு சேர்த்தே கிழிக்கலாம்.

2022 பதிவை நீ முழுதாகக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனவே நானே எழுத வேண்டியதாகிறது. மரப்பலகை தட்டியபின் மின்விசிறியின் ஓசை, அதாவது நான். சற்று நேரத்தில், ஒலிவாங்கிக்கு மிக அருகில், உன் குரல், மூச்சுக்குள் சொல்வதுபோல: “ஐயோ, ஆரம்பிச்சுட்டாரே. எல்லாரும் சேருங்க, சேருங்க. அண்ணனத் தனியா விடாதீங்க.” உடனே ஆல்டோ நுழைகிறது, ஒருவர்பின் ஒருவராக, முறை கெட்டு. வரியின் நடுவிலேயே சோப்ரானோவும் நுழைகிறது. கீழே இருந்தவர்களுக்குக் குழு முழுவதும் சேர்ந்து தொடங்கியதாகவே கேட்டிருக்கும்.

இது எனக்குத் தெரியாது. ஆண்கள் பக்கத்திலிருந்து கேட்டிருக்க வழியில்லை. வழிபாட்டுக்குப் பின் நீ சொன்னதைத்தான் கேட்டேன். அதற்கு முன் சொன்னதைக் கேட்கவில்லை. அந்தப் பகுதியை நான்கைந்து முறை கேட்டேன். கருவி உறங்கவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். செயலாளராக அல்ல. பயிற்சி ஆறு மணி என்றால் ஆறு மணிக்குத் தொடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். ஷெல்டனை வெள்ளிக்கிழமையே மாலையில் என் வீட்டுக்கு அனுப்பு. பக்கத்தில் நிறுத்திப் பாடிக் காட்டுகிறேன். சிரித்த ஆல்டோக்கள் யார் என்பதை எனக்குச் சொல்ல வேண்டாம். டாக்கிங் ஸ்டேஷனைக் குழுவுக்கே கொடுத்துவிடுகிறேன். மாடி அலமாரியில், பூட்டி, சாவி உன்னிடம். இவ்வாண்டுப் பதிவுக்கு இரண்டு ஒலிவாங்கிகள் கொண்டுவருகிறேன். பெண்கள் பக்கம் உள்ளது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஃப்ளோரா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இனி கடிதம் கொண்டுபோவதாக இருந்தால் பஸ் காசு தனி என்று வேலம்மா அறிவித்துவிட்டாள். ஆகவே இது கடைசி.

வலப்புறத்தில் முதல் வரிசையின் கோடியில் நிற்கிறேன். அங்கிருந்து உன் கை நன்றாகத் தெரியும். பலகை எப்போது தட்டினாலும் சரி, இரண்டாம் சரணத்தில் உன் கை எழுந்த பிறகே தொடங்குவேன்.

அது தாமதமாக எழுந்தாலும்.

ஆம்ப்ரோஸ்